நான்காவது வயர்

அமெரிக்க வீடுகளில் வாஷிங் மெஷினும் டிரையரும் தோளோடு தோள் உரசி நிற்கும். டிரையரைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்து, பின்பக்கம் மூலையில் இருக்கும் சிறு தகட்டைக் கழற்றிப் பாருங்கள். மின்சாரம் உள்ளே நுழையும் வாசல் அதுதான். வரிசையாக மூன்று பித்தளை ஸ்க்ரூக்கள் இருக்கும். இரண்டு ஓரங்களிலும் கறுப்பும் சிவப்புமாக இரண்டு வயர்கள், நடுவில் வெள்ளை. அந்த நடு ஸ்க்ரூவிலிருந்து விரல் நீளம்கூட இல்லாத ஒரு செம்புப் பட்டை கிளம்பி, இயந்திரத்தின் இரும்பு பாடியில் முறுக்கியிருக்கும் பச்சை ஸ்க்ரூவில் போய் முடியும். சில மாடல்களில் பட்டைக்குப் பதிலாக ஒரு துண்டு வயர் இருக்கும்.

அந்தப் பட்டை சில வீடுகளில் கட்டாயம் இருக்க வேண்டும். வேறு சில வீடுகளில் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். மாறிப்போனால் உயிருக்கே ஆபத்து. ஆனால் மாறிப்போனது வெளியே தெரியவே தெரியாது. டிரம் சுற்றும், சூடு வரும், துணி காயும். இவ்வளவு சின்ன விஷயத்துக்குள் மின்சாரத்தைப் பற்றி நம்மில் பலர் தவறாகவே புரிந்துவைத்திருக்கும் ஒரு உண்மை இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, டிரையர் எப்படி மின்சாரம் சாப்பிடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வடக்கு டகோட்டா மாநிலத்தின் குளிர்காலத்தில் வெளியே காயப்போட்ட ஈரத்துணி பலகைபோல விறைத்துவிடும். அந்தக் குளிரில் துணி உலர்த்தும் பாட்டுக்கு முடிவு கட்டத்தான் ராஸ் மூர் என்பவர் வீட்டருகே கொட்டகை போட்டு, அடுப்புச் சூட்டில் சுற்றும் ஒரு டிரம்மை அமைத்தார். பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு விஸ்கான்சினில் இருந்த ஹாமில்டன் நிறுவனம் 1938இல் அவருடைய டிரையரை ‘ஜூன் டே’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைய மின்சார டிரையரும் அடிப்படையில் அதே கருவிதான்: சூடான காற்று, சுற்றும் டிரம், ஈரத்தை வெளியே தள்ளும் விசிறி.

மின்சாரக் கணக்கில் பார்த்தால் அந்தப் பெட்டிக்குள் இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன. ஒன்று, சுமார் 5000 வாட் ஹீட்டர். அது 240 வோல்ட்டில் ஓடுகிறது. மற்றொன்று, டிரம்மைச் சுற்றும் மோட்டாரும் டைமரும் உள்விளக்கும். இவை 120 வோல்ட்டில் ஓடுகின்றன. ஒரே பிளக்கிலிருந்து இரண்டு மின்னழுத்தங்கள் எப்படிக் கிடைக்கின்றன?

விடை தெருவில் இருக்கிறது. அமெரிக்கத் தெருக் கம்பத்தில் தொங்கும் டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டுச் சுருளுக்கு இரண்டு முனைகள். அவற்றுக்கிடையே 240 வோல்ட். அதே சுருளின் நட்டநடுவிலிருந்தும் ஒரு வயரை வெளியே எடுத்துவிடுகிறார்கள். அந்த நடு வயர்தான் நியூட்ரல். நடுவிலிருந்து எந்த முனையைப் பார்த்தாலும் பாதி, அதாவது 120 வோல்ட். இரு முனை வயர்களையும் ஃபேஸ் என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டர் இரண்டு ஃபேஸ்களுக்கும் இடையே உட்கார்ந்திருக்கிறது. மோட்டார் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே. ஹீட்டரின் 20 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு ஃபேஸில் வந்து மறு ஃபேஸில் திரும்பிவிடும். நியூட்ரலைத் தொடுவதே இல்லை. மோட்டாரும் விளக்கும் இழுக்கும் சில ஆம்பியர்கள் மட்டுமே நியூட்ரலில் ஓடும்.

இந்த மூன்று வயர் ஏற்பாடு பிறந்தது செம்பை மிச்சம் பிடிக்க. எடிசன் 1882 செப்டம்பரில் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் தொடங்கியபோது 110 வோல்ட்டும் இரண்டு வயர்களும்தான். குறைந்த மின்னழுத்தம் என்றால் அதிக மின்னோட்டம். அதிக மின்னோட்டத்துக்குத் தடித்த செம்பு வேண்டும். தெருவுக்கடியில் புதைத்த செம்பின் விலையே தொழிலை விழுங்கிவிடும் போலிருந்தது. மூன்று வயர் முறைக்கான காப்புரிமை 1883 மார்ச்சில் எடிசனுக்குக் கிடைத்தது. இங்கிலாந்தில் ஜான் ஹாப்கின்சனும் தனியாக அதே யோசனைக்கு வந்திருந்தார். அந்த ஆண்டு ஜூலையில் பென்சில்வேனியாவின் சன்பரி என்ற சிற்றூரில் முதல் மூன்று வயர் மின்நிலையம் ஓடத் தொடங்கியது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் அதன் அழகு தெரியும். ஓரங்களுக்கிடையே மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் அதே சக்திக்கு மின்னோட்டம் பாதி போதும். வழியில் வீணாகும் மின்னழுத்தத்தை அதே விகிதத்தில் வைத்துக்கொள்ள, வயரின் குறுக்குவெட்டுப் பரப்பு நாலில் ஒன்று போதும். பழைய முறையில் முழுப் பருமனில் இரண்டு வயர்கள். புதிய முறையில் கால் பருமனில் மூன்று. செம்பு எட்டில் மூன்று பங்காகக் குறைந்துவிடுகிறது. நூறு ரூபாய்ச் செம்பு போட்ட இடத்தில் முப்பத்தேழரை ரூபாய். விளக்குகளுக்கோ பழைய 110 வோல்ட்டே கிடைக்கிறது. நேர் மின்னோட்டத்துக்காகப் பிறந்த அந்த ஏற்பாடு மாறுமின்னோட்டத்துக்கு மாறிய பிறகும் அப்படியே தங்கிவிட்டது. இன்றைய அமெரிக்க டிரையரின் பின்னால் கறுப்பும் வெள்ளையும் சிவப்புமாக நிற்பவை அந்த வம்சத்து வயர்கள்தாம்.

இனி எர்த். ‘மின்சாரம் பூமிக்குப் போய்விடும்’ என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்போம். பூமி ஏதோ பெரிய உறிஞ்சி, எவ்வளவு மின்சாரம் கொட்டினாலும் குடித்துவிடும் என்ற சித்திரம் மனதில் பதிந்துவிட்டது. மின்னோட்டத்துக்கு அப்படியொரு ஆசை கிடையாது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கிளம்பிய மின்னோட்டம் அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கே திரும்பியாக வேண்டும். திரும்ப வழி இல்லாவிட்டால் அது கிளம்பவே கிளம்பாது. மண்ணும் திரும்பும் வழிகளில் ஒன்று, அவ்வளவுதான். அதுவும் மிக மோசமான வழி.

எவ்வளவு மோசம்? ஹீட்டருக்குப் போகும் ஒரு வயரின் இன்சுலேஷன் உரசித் தேய்ந்து டிரையரின் பாடியைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாடியில் 120 வோல்ட் ஏறிவிட்டது. யாரோ ஒரு நல்லவர், டிரையருக்குப் பக்கத்திலேயே மண்ணில் ஒரு கம்பியை அடித்து, பாடியை அதோடு இணைத்துவைத்திருக்கிறார். மண்ணில் அடித்த கம்பிக்கு 25 ஓம் மின்தடை என்பது அமெரிக்க விதிப்படி ஏற்றுக்கொள்ளத்தக்க அளவு. 120ஐ 25ஆல் வகுத்தால் 4.8 ஆம்பியர். அந்தச் சுற்றுக்குக் காவலாக இருக்கும் பிரேக்கரோ 30 ஆம்பியர். 4.8 ஆம்பியரை அது ஒரு பொருட்டாகவே மதிக்காது. ட்ரிப் ஆகாது. மண்ணுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், பாடியிலும் ஏறக்குறைய முழு 120 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். தொட்டவருக்கு ஷாக்தான்.

இப்போது கம்பியை மறந்துவிட்டு, பாடியிலிருந்து ஒரு செம்பு வயரை வீட்டின் மெயின் பேனல் வரை இழுங்கள். அந்தப் பேனலுக்குள் எர்த் வயர்கள் சேரும் பட்டையும் நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டையும் தடித்த உலோகத்தால் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே பாடியில் ஏறிய மின்சாரம் எர்த் வயர் வழியே பேனலுக்கு வந்து, அங்கே நியூட்ரலுக்குத் தாவி, நேரே டிரான்ஸ்ஃபார்மரின் நடுமுனைக்குப் போய்விடும். முழு வழியும் உலோகம். அதன் மொத்த மின்தடை 0.2 ஓம் என்று வைத்தால், ஓடும் மின்னோட்டம் 600 ஆம்பியர். 30 ஆம்பியர் பிரேக்கரால் அதைத் தாங்க முடியாது. கண் இமைக்கும் நேரத்துக்குள் விழுந்துவிடும். எர்த் வயர் நம்மைக் காப்பாற்றுவது இப்படித்தான்: பழுதான இடத்தை வேண்டுமென்றே ஒரு பெரிய ஷார்ட் சர்க்யூட்டாக ஆக்கி, பிரேக்கரைத் தட்டி எழுப்புகிறது. மண்ணுக்கு இதில் பங்கில்லை. மின்னல், மேலே போகும் உயரழுத்தக் கம்பி அறுந்து விழுவது போன்றவற்றுக்குத்தான் மண்ணில் அடித்த கம்பி.

நம் ஊர் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் பல வீடுகளின் எர்த் வயர் வாசலோரக் குழியோடு முடிந்துவிடுகிறது. குழாய் புதைத்து, கரியும் உப்பும் கொட்டி, கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வார்களே, அந்தக் குழி. அங்கே பழுது மின்னோட்டம் நிஜமாகவே மண் வழியாகத்தான் டிரான்ஸ்ஃபார்மரைத் தேடிப் போக வேண்டும். மண் காய்ந்துவிட்டால் வழி அடைபடும். பிரேக்கரை மட்டும் நம்பி இருக்க முடியாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே சுற்றைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. நம் வீடுகளுக்குக் கட்டாயத் தேவை என்று பொறியாளர்கள் விடாமல் சொல்வது இதனால்தான்.

அமெரிக்க டிரையருக்குத் திரும்புவோம். நியூட்ரலும் எர்த்தும் கடைசியில் மெயின் பேனலில் ஒன்றுசேரத்தான் போகின்றன. அப்படியானால் எதற்கு இரண்டு வயர்? நியூட்ரலையே டிரையரின் பாடியிலும் முறுக்கிவிட்டால் ஒரு செம்பு வயர் மிச்சம் அல்லவா? இந்தக் கேள்வியை அமெரிக்கா நிஜமாகவே கேட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குண்டுகளுக்கும் மின்கருவிகளுக்கும் செம்பு மலைமலையாகத் தேவைப்பட்டது. வீட்டு வயரிங்கில் செம்பைக் குறைக்க வேண்டிய கட்டாயம். மின்சார அடுப்புகளின் பாடியை நியூட்ரலோடு இணைத்துக்கொள்ளலாம், தனி எர்த் வயர் வேண்டாம் என்று அந்நாட்டு மின்விதித் தொகுப்பு சலுகை கொடுத்தது. போர் முடிந்தது, சலுகை முடியவில்லை. பிறகு டிரையரையும் அது சேர்த்துக்கொண்டது. பின்பக்கச் செம்புப் பட்டை அந்தச் சலுகையின் மிச்சம்.

1897இல் முதன்முதலாக வெளிவந்து, இப்போது மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும் அந்தத் தொகுப்பு, 1996 பதிப்பில்தான் கதவை மூடியது. புதிதாகப் போடும் டிரையர் இணைப்பு எல்லாவற்றுக்கும் நான்கு வயர்: இரண்டு ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஒரு தனி எர்த். ஏற்கனவே இருக்கும் மூன்று வயர் இணைப்புகள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அப்படியே தொடரலாம். அதனால்தான் இன்றும் இரண்டு வகை சாக்கெட்டுகள் அமெரிக்கச் சுவர்களில் இருக்கின்றன. ஒன்றில் சாய்ந்த இரண்டு துளைகளும் ‘எல்’ வடிவத் துளை ஒன்றும். மற்றதில் நேரான இரண்டு துளைகள், ‘எல்’ வடிவத் துளை ஒன்று, அவற்றோடு வட்டமாக இன்னொன்று.

இங்கே நம்மவர்கள் ஏமாறுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. நம் ஊர் மூன்று பின் பிளக்கில் பெரிய பின் எர்த். மற்ற இரண்டைவிட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதால், சொருகும்போது அதுதான் முதலில் தொடும். பிடுங்கும்போது கடைசியில் விடும். மூன்று பின் இருந்தால் எர்த் இருக்கிறது என்று கை பழகிவிட்டது. அமெரிக்க டிரையரின் மூன்று பின் பிளக்கில் எர்த்தே கிடையாது. சாய்ந்த இரண்டும் ஃபேஸ், ‘எல்’ வடிவப் பின் நியூட்ரல். நியூ ஜெர்சியிலோ டெக்சஸிலோ பழைய வீட்டுக்குக் குடிபோகும் நம் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

நியூட்ரலும் எர்த்தும் ஒன்று என்பதில் எங்கே பிசகு? நியூட்ரல் வேலை செய்யும் வயர். இயந்திரம் ஓடும் ஒவ்வொரு நொடியும் அதில் மின்னோட்டம் ஓடுகிறது. எர்த் வயரில் சாதாரணமாக எதுவுமே ஓடாது. பழுது வந்தால் மட்டுமே அதற்கு வேலை. இரண்டையும் ஒரே வயரிடம் கொடுப்பது, ஒரே ஆளைச் சமையலுக்கும் காவலுக்கும் வைத்ததுபோல. அவர் படுத்துவிட்டால் இரண்டும் போச்சு.

படுத்துவிடும் விதமும் கொடுமையானது. டிரையர் அதிர்ந்துகொண்டே ஓடும் இயந்திரம். நடு ஸ்க்ரூவோ சாக்கெட்டுக்குள் இருக்கும் ஸ்க்ரூவோ மெல்ல மெல்லத் தளர்ந்து, ஒரு நாள் நியூட்ரல் விட்டுப்போகிறது. மோட்டார் நின்றுவிடும். ஏனென்றால் அதன் மின்னோட்டம் திரும்ப வழியில்லை. ஆனால் மோட்டார் சுருளின் மறுமுனை இன்னும் ஃபேஸோடுதான் இருக்கிறது. சுருளின் வழியாக 120 வோல்ட் நடு ஸ்க்ரூவுக்கு வந்து, அங்கிருந்து செம்புப் பட்டையின் மேல் நடந்து, இயந்திரத்தின் முழு வெள்ளைப் பெயிண்ட் உடம்பிலும் ஏறிக்கொள்கிறது. உள்விளக்கின் மெல்லிய இழை வழியாகக்கூட ஏறும். கதவைத் திறந்தால் எரியும் விளக்கு அல்லவா? ஆகவே கதவைத் திறக்கும் அந்தச் செயலே பாடியில் மின்சாரத்தை ஏற்றிவிடலாம். பாதுகாப்புக்கென்று போட்ட பட்டையே இப்போது மின்சாரத்தைப் பாடிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

மோட்டார் ஓடவில்லை. வீட்டில் இருப்பவர் என்ன நினைப்பார்? கரண்ட் வரவில்லை என்று நினைப்பார். ஒரு கை டிரையர் கதவில், மறு கை பக்கத்து வாஷிங் மெஷினில். வாஷிங் மெஷினின் பாடியோ முறையாக எர்த் செய்யப்பட்டது. கையெல்லாம் ஈரம். ஈரமான உடலின் மின்தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரு கையிலிருந்து மறு கைக்கு, நெஞ்சின் குறுக்காக 120 மில்லி ஆம்பியர். 30 ஆம்பியர் பிரேக்கருக்கு அது 0.12 ஆம்பியர், அதன் எல்லையில் இருநூற்றைம்பதில் ஒரு பங்குதான். பிரேக்கர் வயரைக் காப்பாற்ற வைத்த காவலாளி, மனிதரைக் காப்பாற்ற வைத்ததல்ல என்பதை இந்த எண் காட்டுவதுபோல வேறு எதுவும் காட்டாது.

அந்த மில்லி ஆம்பியர்களை முதன்முதலில் கவனமாக அளந்தவர்களில் ஒருவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல். தாமாக முன்வந்தவர்களின் கையில் உலோகத்தைப் பிடிக்கக் கொடுத்து, மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, எந்த அளவுக்கு மேல் கையை விட முடியாமல் போகிறது என்று பார்த்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை. அதற்கு மேல் தசைகள் சுருங்கி, பிடித்த பிடி இறுகிவிடும். விட வேண்டும் என்று மூளை கத்தும், கை கேட்காது. ஐம்பதிலிருந்து நூறு மில்லி ஆம்பியர் நெஞ்சைக் கடந்தால் இதயத்தின் தாளம் கலைந்து, இரத்தத்தைத் தள்ள முடியாமல் வெறுமனே நடுங்கத் தொடங்கும். இந்த அறிவிலிருந்துதான் 1960களில் டால்சியல் ஒரு காப்புக் கருவியை வடிவமைத்தார். போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஓயாமல் ஒப்பிட்டு, ஐந்து மில்லி ஆம்பியர் அளவுக்குக் கணக்கு உதைத்தாலே சுற்றைத் துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. அது. நம் ஆர்.சி.சி.பி.யின் நெருங்கிய உறவு. 2020 பதிப்பிலிருந்து துணி துவைக்கும் இடத்தில் இருக்கும் 240 வோல்ட் சாக்கெட்டுக்கும் அமெரிக்க விதித் தொகுப்பு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் எந்தப் பதிப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து நடைமுறை மாறும்.

இதே விபத்து நான்கு வயர் வீட்டில் நடந்தால்? பட்டை கழற்றப்பட்டிருக்கிறது, பாடி தனி எர்த் வயரோடு மட்டும் இணைந்திருக்கிறது. நியூட்ரல் விட்டுப்போனால் மோட்டார் நிற்கும், அத்தோடு சரி. பாடிக்கும் அந்த நடு ஸ்க்ரூவுக்கும் தொடர்பே இல்லாததால் பாடி சுத்தமாக இருக்கும். தேய்ந்த வயர் பாடியைத் தொட்டாலும் எர்த் வயர் பிரேக்கரைத் தள்ளிவிடும். ஒரு வயர் போனால் ஒரு வேலைதான் போகும். அந்த நான்காவது வயர், ஒரு டிரையரின் ஆயுள் முழுவதும் ஒரு மில்லி ஆம்பியர்கூடச் சுமக்காமலே கிடக்கலாம். அதற்காகவே பத்துப் பதினைந்து மீட்டர் செம்பை இழுப்பது வீண் செலவு என்று தோன்றினால், ஈரக் கையோடு அந்த இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே நிற்பவரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பட்டையின் புதிர் அவிழ்ந்துவிடும். மூன்று வயர் வீட்டில் பட்டையைக் கழற்றிவிட்டால், பாடி எதனோடும் இணையாமல் அந்தரத்தில் நிற்கும். உள்ளே ஒரு வயர் பாடியைத் தொட்டால் பிரேக்கருக்குச் செய்தி போகாது. தொடும் மனிதருக்குத்தான் போகும். நான்கு வயர் வீட்டில் பட்டையைக் கழற்ற மறந்தால், நியூட்ரலும் எர்த்தும் டிரையருக்குள் மறுபடி கைகோத்துக்கொள்ளும். மோட்டாரின் மின்னோட்டம் வெள்ளை வயரிலும் எர்த் வயரிலும் பங்கு போட்டுக்கொண்டு திரும்பும். எதுவும் ஓடக்கூடாத வயரில் எந்நேரமும் மின்னோட்டம். பிறகு நியூட்ரல் விட்டுப்போனாலும் எர்த் வயர் அந்த வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும், பழுது யாருக்கும் தெரியாமல். எர்த் வயரும் எங்காவது தளர்ந்தால் பழைய கதைதான். ஜி.எஃப்.சி.ஐ. உள்ள வீட்டில் மட்டும் இது உடனே மாட்டிக்கொள்ளும்: எர்த் வழியாகத் திரும்பும் மின்னோட்டம் கருவியின் கணக்கில் வராது, ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் ட்ரிப் ஆகும். பலர் பிரேக்கர்மேல் குறை சொல்லி அதை மாற்றப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கத் தகட்டுக்குள்.

நியூட்ரலும் எர்த்தும் ஒரே ஓர் இடத்தில், மெயின் பேனலில் மட்டுமே சேர வேண்டும். அங்கே சேராவிட்டால் பழுது மின்னோட்டத்துக்குத் திரும்பும் வழியில்லை. வேறெங்காவது சேர்ந்தால் வேலை மின்னோட்டம் தவறான வழியில் இறங்கிவிடும். வீட்டுக்குள் துணைப் பேனல் இருந்தாலும் அங்கேகூட இரண்டையும் தனித்தனியாகவே வைக்க வேண்டும்.

அமெரிக்கக் கடைகளில் டிரையர் பெரும்பாலும் கேபிள் இல்லாமலே விற்கப்படுகிறது, வாங்குபவர் வீட்டு சாக்கெட் எது என்று கடைக்காரருக்குத் தெரியாதே. அதனால் கேபிளை மாற்றும் வேலை பல வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. சுவரில் நான்கு துளை சாக்கெட் இருந்து, அதன் வயரிங் சரியாகவும் இருந்தால், செய்ய வேண்டியது இதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தகட்டைத் தொட வேண்டும். சாக்கெட்டிலேயே வேலை என்றால் பேனலில் இரட்டை பிரேக்கரை இறக்கி, மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு துளையையும் சோதிக்க வேண்டும். அந்த மீட்டர் வேலை செய்கிறதா என்பதை முன்பும் பின்பும் உயிருள்ள வேறொரு சாக்கெட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். மிகப் பழைய வீடுகளில் இரண்டு ஃபேஸ்களுக்கும் தனித்தனி ஃப்யூஸ் இருக்கும். ஒன்றைப் பிடுங்கினால் டிரையர் நின்றுவிடலாம், ஆனால் மற்றொரு ஃபேஸ் உயிரோடு காத்திருக்கும்.

கேபிள் நுழையும் வட்டத்துளையின் விளிம்பு கத்திபோல் இருக்கும். அங்கே கேபிளை இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப் மாட்டுவார்கள். அவசரத்தில் விட்டுவிடுகிற சாமான் அது. கிளாம்ப் இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் தகடு கேபிளை அறுத்துக்கொண்டிருக்கும், யாராவது இயந்திரத்தை இழுத்தால் முழு எடையும் ஸ்க்ரூக்களில் விழும். ஸ்க்ரூ இறுக்கத்தை நான் திரும்பத் திரும்ப வலியுறுத்துவேன். தளர்ந்த முனையில் 0.1 ஓம் மின்தடை இருந்தாலே போதும். 25 ஆம்பியர் ஓடும்போது நகக்கண் அளவு இடத்தில் 62 வாட்டுக்கு மேல் சூடு. பிளாஸ்டிக் பழுத்து, கருகி, உருகத் தொடங்கும். டிரையர் கேபிளின் முனையில் கருகல் நிறம் கண்டால் அந்த இணைப்பை அப்படியே முறுக்கி விட்டுவிடக் கூடாது. கேபிளையும் டெர்மினலையும் மாற்றுவதுதான் வழி.

கறுப்பும் சிவப்பும் இரு ஓரங்களில். எது எந்த ஓரம் என்பது முக்கியமில்லை. வெள்ளை நடுவில். பச்சை, பாடியின் பச்சை ஸ்க்ரூவில். நடுவையும் பாடியையும் இணைக்கும் பட்டையைக் கழற்றி, தகட்டோடு சேர்த்துக் கட்டியோ பையில் போட்டோ பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

பழைய மூன்று துளை சாக்கெட் இருந்தால் என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. விதி அனுமதிக்கிறது என்பதற்காக அதை நிம்மதியான ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சலுகைக்கும் நிபந்தனை உண்டு: இன்சுலேஷன் இல்லாத வெறும் வயர் நியூட்ரலாக இருந்தால், அது குறிப்பிட்ட வகைக் கேபிளில், மெயின் பேனலிலிருந்து நேரே வந்ததாக இருக்க வேண்டும். எர்த்துக்கென்று வைத்த வெறும் செம்பு வயரை நியூட்ரலாகப் பயன்படுத்தியிருக்கும் இணைப்புகளும் உண்டு. அவை அன்றும் தவறு, இன்றும் தவறு. வீட்டைப் புதுப்பிக்கும்போது, மூன்று வயரும் வெறும் எர்த் வயருமாக வரும் தடித்த கேபிளை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு இழுத்துவிடுவதுதான் நல்லது. அதுவரை மூன்று துளைக்கு மூன்று பின் கேபிளும் அந்தச் செம்புப் பட்டையும்தான் சரி. சாக்கெட்டை மட்டும் நான்கு துளையாக மாற்றி, பெட்டிக்குள் நியூட்ரலிலிருந்து எர்த் துளைக்கு ஒரு துண்டு வயரைப் போட்டுவிடுவது மிகப் பெரிய தவறு. அடுத்து குடிவருபவர் நான்கு துளையைப் பார்த்து, நம்பி, பட்டையைக் கழற்றிவிடுவார். அவர் நம்பும் எர்த் உண்மையில் நியூட்ரல்தான்.

நான்கு வயர் இணைப்பை முடித்ததும், பிளக்கைச் சொருகுவதற்கு முன் மீட்டரை ஓமில் வைத்து இரண்டு இடங்களைத் தொட்டுப் பாருங்கள். பிளக்கின் எர்த் பின்னுக்கும் டிரையர் பாடியில் பெயிண்ட் இல்லாத ஓர் இடத்துக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். ‘எல்’ வடிவப் பின்னுக்கும் பாடிக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. சுவர் சாக்கெட்டில், மின்சாரம் வந்த பிறகு, நேரான இரண்டு துளைகளுக்கிடையே 240, ஒவ்வொன்றுக்கும் ‘எல்’ துளைக்கும் இடையே 120, ஒவ்வொன்றுக்கும் வட்டத் துளைக்கும் இடையே அதே 120, ‘எல்’லுக்கும் வட்டத்துக்கும் இடையே கிட்டத்தட்ட பூஜ்யம். இந்த எண்களில் ஒன்று பிசகினாலும் இயந்திரத்தைச் சுவரோரம் தள்ளக் கூடாது. பிரேக்கரை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.